காலை இழந்த சிப்பாயின் வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

கேள்வி (ஒரு வாசகர்) – 7 டிசம்பர் 2024, காலை 10.15

இன்று படைவீரர் கொடி நாள். வழக்கம்போல, கார்கில் போர்ச் சமயம் காலை இழந்த மேஜர் டி.பி. சிங் பிளேடு காலில் (ஓடுவதற்கென்று வளைத்துச் செய்த செயற்கைக் கால்) ஓடுகிற படத்தை எல்லாரும் பகிர்கிறார்கள். மரியாதை உண்டு. ஆனால் ஒருவர் மாரத்தான் ஓடுவதால் மற்ற காயம்பட்ட சிப்பாய்களுக்கு என்ன வந்தது? அவர்களுக்கு வேண்டியது பென்ஷன், வேலை, பிள்ளைகள் படிப்பு. உத்வேகப் பேச்சில் உலை கொதிக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

7 டிசம்பர் 2024, இரவு 9.40

அப்படி ஒருவரோடு குடும்பம் நடத்துகிறவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியியல் படை, பெங்களூரு சென்டர். ராணுவத்தில் அவர்களை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்ததும் 'ஆபரேஷன் பராக்ரம்' என்று எல்லை நெடுகப் படையைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வயல், மணல் என்று பாராமல் கண்ணிவெடி புதைத்தார்கள். போர் வரவில்லை. புதைத்ததைத் திரும்ப எடுக்க வேண்டுமே, அது சாப்பர் வேலை. ராஜஸ்தானில் மணல் காற்றோடு இடம் மாறும். மேப்பில் ஓரிடம் போட்டிருக்கும், வெடி வேறிடத்தில் கிடக்கும். அப்படிக் கிடந்த ஒன்றில்தான் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பெரியவளுக்கு அப்போது நான்கு வயது. சின்னவன் என் வயிற்றில்.

பென்ஷன் வேண்டும், வேலை வேண்டும். உங்களோடு எனக்கு அதில் வழக்கே இல்லை. ஆனால் பென்ஷன் வந்த பிறகும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவரை வெளியே கொண்டுவந்தது எந்தக் காகிதமும் இல்லை, அவரைப் போலவே கால் போன ஒரு மனிதர். அதனால் டி.பி. சிங் செய்வதை வெறும் பேச்சு என்று தள்ள எனக்கு மனம் வராது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். பிள்ளைக்குப் பரீட்சை, விளக்கணைக்கச் சொல்கிறான்.

8 டிசம்பர் 2024, மாலை 4.05

முதலில் டி.பி. சிங். படம் பகிர்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் ஓடுவது மட்டும்தான் தெரியும்.

1999 ஜூலை 15, கார்கில் போர் சமயம். ஜம்மு பக்கம் அக்னூரில் டோக்ரா ரெஜிமென்ட் அதிகாரியாக இருந்தார். மோர்ட்டார் குண்டு பக்கத்திலேயே விழுந்து வெடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உயிர் போய்விட்டது என்றே சொல்லிவிட்டார்கள். அங்கிருந்த மூத்த மருத்துவர் ஒருவர் இன்னும் உயிர் ஓடுவதைப் பார்த்து மீட்டார். பிறகு காலில் அழுகல் ஏறி வலது காலை எடுத்தார்கள். உடம்பில் குண்டுச் சில்லுகள் பல இன்னமும் இருக்கின்றன. காதும் சரியாகக் கேட்காது. 2007-ல் ராணுவத்தை விட்டு வந்தார். 2009-ல் டெல்லி அரை மாரத்தானில் முதல் முறை ஓடினார், பிளேடு இல்லாமல், சாதாரணச் செயற்கைக் காலோடு. பிளேடு 2011-ல்தான் வந்தது. அதே 2011-ல் கை கால் இழந்தவர்களுக்காக 'தி சேலஞ்சிங் ஒன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

நீங்கள் பார்க்க வேண்டியது அந்த அமைப்பைத்தான். சிப்பாயோ சிவிலியனோ, காலை எடுத்த ஒருவருக்குப் பக்கத்தில் இன்னொரு கால் இழந்தவரைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அதன் வேலை. ஓட்டம் அதற்கு வாசல். 2019 மார்ச்சில் நாசிக்கில் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தாரே, அதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். "உனக்கு இனி எது முடியாது?" என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்பதற்காகக் குதித்திருக்கிறார்.

8 டிசம்பர் 2024, இரவு 10.20

"உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

டி.பி. சிங் வரவில்லை. வந்தவர் ஒரு ரிட்டயர்டு சுபேதார். தெற்குச் சீமைக்காரர். மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். பெயர் போட வேண்டாம் என்பது அவர் விருப்பம். எங்கள் ஊருக்குப் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. காலை பஸ்ஸில் இறங்கி விசாரித்துக்கொண்டு வந்தார். நடையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எல்.ஐ.சி. ஏஜென்ட் என்று நினைத்துத் திண்ணையில் உட்காரச் சொன்னேன்.

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே அறைக்குள் போனார். கட்டிலில் இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுபேதார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றினார். பட்டையைக் கழற்றினார். வெட்டிய காலின் மேல் போடும் உறையை, லைனர் என்பார்கள், உருவி உதறினார். ஒரு செயற்கைக் காலைத் தூக்கி, ஷூவும் சாக்ஸுமாக, கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"தம்பி, வேர்க்குது, கொஞ்சம் காத்தாட விடுறேன். நீ ஒண்ணும் தப்பா நினைக்கலையே?"

இவர் திரும்பிப் பார்த்தார். மாதக்கணக்கில் யார் வந்தாலும் திரும்பாதவர். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எப்ப சாப்?" என்றார்.

"உனக்கு முந்தி. எனக்குப் பாடை தூக்க நினைச்சவனெல்லாம் போய்ச் சேர்ந்துட்டான், நான் பஸ் ஏறி வந்திருக்கேன்."

இவர் சிரித்தார். நான் சமையல்கட்டில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மத்தியானம் அவருக்குக் குழம்பு வைத்தேன், அப்பளம் பொரித்தேன். சாயங்காலம் பஸ் வரும்வரை இரண்டு பேரும் பேசியதில் பாதி இந்தி, பாதி தமிழ், எல்லாம் கால் பற்றிய பேச்சு. எங்கே உரசும், எந்தப் பவுடர் போடுவது, மழையில் எப்படி நடப்பது, கக்கூசில் எப்படி உட்காருவது. எந்த டாக்டரும் இவ்வளவு பேசியதில்லை. டாக்டருக்கு நேரமும் கிடையாது.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, அவன் உன்மேல எரிஞ்சு விழுவான். உன்கிட்ட மட்டுந்தான் அவனால முடியும். ஆனா நீ எல்லாத்தையும் வாங்கிக்கணும்னு இல்ல. திருப்பிக் கேளு. மத்த ஆம்பளை மாதிரியே நடத்து" என்றார். அதுவரை எனக்கு அனுமதி கொடுத்தவர்கள் யாரும் இல்லை. பொறுமையாக இரு, தியாகியின் மனைவி நீ, என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

11 டிசம்பர் 2024, காலை 6.30

இப்போது பென்ஷன். கேள்வி கேட்டவர் அதில்தான் நிற்கிறார், நியாயம்தான்.

காயம் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. போர்க்காயம் என்று பதிவானால் 'வார் இஞ்சுரி' பென்ஷன். பணியில் பட்ட மற்ற காயம் என்றால் சாதாரண ஊன பென்ஷன். காயத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு 100 சதவீத ஊனம் என்றால், வார் இஞ்சுரி பகுதி கடைசிச் சம்பளத்துக்குச் சமம். மற்றதில் அந்தப் பகுதி கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். பணிக்காலத்துக்கான சர்வீஸ் பகுதி இரண்டிலும் தனி. எல்லைக்குப் பக்கத்தில் புதைத்த கண்ணிவெடியை எடுக்கும்போது பட்ட காயம் போர்க்காயக் கணக்கில் வரும், நம் ஆட்களே புதைத்ததாக இருந்தாலும். இது ஆணையிலேயே இருக்கிறது. ஆனால் இருக்கிறது என்று சிப்பாயின் மனைவிக்கு யார் சொல்வது? எனக்குச் சொன்னவர் அந்த சுபேதார்தான்.

இன்னொன்று, ஊன சதவீதத்தை மேலே தூக்கிக் கணக்கிடும் முறை. 50-க்குக் கீழ் என்றால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. முதலில் இது பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு தரம்வீர் சிங் வழக்கில், பணியில் சேரும்போது நோயில்லை என்று எழுதியிருந்தால் பிறகு வந்ததைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டது.

இவ்வளவு தீர்ப்பு ஏன் தேவைப்பட்டது? காயம்பட்டவர்களை எதிர்த்து அரசுத் தரப்பு கோர்ட் கோர்ட்டாக மேல்முறையீடு செய்ததால். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. கால் போனவன் தன் கால் போனதை நாற்காலியில் இருப்பவர்களுக்கு நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கும் ஒருமுறை பணம் திடீரென்று நின்றது. ஓர் அலுவலகத்தில், ஊனம் இன்னமும் இருக்கிறதா என்று சான்று கேட்டார்கள். இவர் மேசைமேல் காலைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார். பணம் வந்தது.

11 டிசம்பர் 2024, இரவு 8.50

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், பணம்தான் பிரதானம்" என்கிறார்.

நான் அப்படிப் படிக்கவில்லை. அந்தப் பணத்துக்கு எங்களை நடத்திக் கூட்டிப்போனவர் யார் என்று பாருங்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது, பஸ் டிக்கெட் கூட சொந்தக் காசு. வீட்டுக்கு வந்து உட்காருவதும் படிவம் நிரப்புவதும் அவருக்கு ஒரே வேலைதான்.

இது மேலிடத்திலும் நடந்திருக்கிறது. லெப்டினென்ட் ஜெனரல் விஜய் ஓபராய் 1965 போரில் வலது காலை இழந்தவர். மராத்தா லைட் இன்ஃபன்ட்ரியில் இளம் அதிகாரி அப்போது. செயற்கைக் காலோடு இன்னும் 35 ஆண்டுக்கு மேல் பணியில் இருந்து ராணுவத் துணைத் தளபதி வரை போனார். 2001-ல் ஓய்வு. அவர் வீட்டில் உட்கார்ந்து கோல்ஃப் ஆடியிருக்கலாம். 'வார் வூண்டட் ஃபவுண்டேஷன்' என்று போர்க்காயம் பட்டவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, யாருக்கு எந்தக் கணக்கில் பென்ஷன் எழுதப்பட்டிருக்கிறது, யாருக்கு மறு வேலை, எந்த விதவைக்கு என்ன தேவை என்று அலைந்தார். பத்திரிகையில் எழுதியபோதும் இதையே விடாமல் எழுதினார்.

15 டிசம்பர் 2024, பிற்பகல் 2.15

கார்டோசோ பற்றி ஏன் ஒரு வார்த்தையும் இல்லை என்று கேட்டவருக்கு: வருகிறேன்.

மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோ, கூர்க்கா ரைபிள்ஸ். 1971-ல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட்டில், சண்டை முடிந்த கையோடு கண்ணிவெடியில் மிதித்தார். வலி மரக்க மார்ஃபின் மருந்து இல்லை, அறுவைக் கருவி இல்லை. கூர்க்காக்களின் வளைந்த கத்தியான தன் குக்ரியை எடுத்துத் தொங்கிய காலைத் தானே வெட்டி, கொண்டுபோய்ப் புதையுங்கள் என்றார். பிறகு அறுவை செய்தது பிடிபட்டிருந்த பாகிஸ்தான் ராணுவ மருத்துவர். எல்லாரும் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகான கார்டோசோ. கால் இல்லாதவன் பட்டாலியனை நடத்த முடியாது என்றவர்களோடு மல்லுக்கட்டி, இரண்டு கால் உள்ளவர்களோடு ஓடிக் காட்டி, முதல் முறையாக ஊனமுற்ற அதிகாரி ஒருவர் பட்டாலியனையும் பிறகு பிரிகேடையும் நடத்தும் வழியைத் திறந்தார். ஓய்வுக்குப் பிறகு 2005 முதல் 2011 வரை இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் தலைவர். ஊனமுற்ற குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறவர்களுக்குத் தகுதி வகுப்பது அந்தக் குழுமம்தான். குக்ரியைப் பேசுகிறவர்கள் அந்த ஆறு ஆண்டுகளையும் பேசினால் நன்றாக இருக்கும்.

21 டிசம்பர் 2024, இரவு 11.10

தூக்கம் வரவில்லை. சுபேதாரைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

அவர் காலை இழந்தது யாழ்ப்பாணத்தில். 1987, அமைதிப்படை. தமிழ்நாட்டில் அதை எப்படிச் சொல்வார் அவர்? தமிழர்களோடு சண்டையிடப் போன படை என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அங்கே சாதாரண ஜனங்கள் செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அதில் இறந்திருக்கிறார்கள், காயம்பட்டவர்கள் அதற்கும் மேலே. தன் ஊரில் அவர் "காஷ்மீர்ல போச்சு" என்றே சொல்லிவைத்திருந்தார். எங்களிடம்தான் உண்மையைச் சொன்னார்.

அந்தப் போர் சரியா தப்பா என்று இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம். என் மனதில் உள்ளது வேறு. தன்னை யாரும் வந்து பார்க்காததால்தான் அவர் மற்றவர்களைப் பார்க்கப் போக ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவர் வீட்டம்மாவிடம் கேட்டேன். "இவரு ஒவ்வொரு மாசமும் யாராவது பையன் வீட்டுக்குப் போயிடுவாரு, நல்ல நாள் பொல்லாத நாள் கிடையாது" என்றார்கள். பென்ஷனில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போயிருக்கிறது. அந்த அம்மாவும்தான் அதைச் சுமந்தார்கள்.

3 ஜனவரி 2025, காலை 7.00

நேற்று விளையாட்டு விருதுகள் அறிவிப்பு வந்தது, பார்த்தீர்களா! முரளிகாந்த் பேட்கருக்கு அர்ஜுனா வாழ்நாள் விருது. 1965 போரில் சியால்கோட் பக்கம் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். ராணுவத்தின் இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ.-யில் ஜவான், முன்பு குத்துச்சண்டைக்காரர். 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் உலக சாதனையோடு தங்கம். தனிநபர் போட்டியில் இந்தியாவுக்கு ஒலிம்பிக்கிலோ பாராலிம்பிக்கிலோ அதற்கு முன் தங்கமே கிடையாது. பத்மஸ்ரீ கிடைக்க 2018 ஆயிற்று. அர்ஜுனா இப்போது, 80 வயதில்.

அதே பட்டியலில் ஹொகாட்டோ சேமா. நாகாலாந்துச் சிப்பாய், 2002-ல் காஷ்மீரில் கண்ணிவெடியில் இடது காலை இழந்தவர். எங்கள் வீட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட அதே காலம், அதே கால். பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெண்கலம், 14.65 மீட்டர். அவர் எறிந்தபோது இவர் டிவி முன்னால் எழுந்து நின்றார். காலை மாட்டாமல் எழுந்துவிட்டார், நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். நம் தமிழ்நாட்டு பாரா பாட்மிண்டன் பெண்கள் துளசிமதி, நித்யஸ்ரீ, மனிஷா பெயர்களும் பட்டியலில் இருப்பதைச் சொல்லாமல் விட முடியுமா?

4 ஜனவரி 2025, இரவு 9.25

"இல்லாத காலில் வலி" பற்றித் தனிச் செய்தியில் கேட்டவர்களுக்குப் பொதுவாகவே பதில் எழுதுகிறேன்.

உண்மைதான், நடிப்பில்லை. என் வீட்டுக்காரருக்கு இல்லாத கால் கட்டைவிரல் மடங்கிப் பின்னால் முறுக்கிக்கொண்டது போல வலிக்கும். ராத்திரி அலறுவார். ஊரில் பேய் என்றார்கள். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது, அதற்குத் தகவல் வராமல் தவிக்கிறது. நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன்தான் 1990-களில் அமெரிக்காவில் இதற்குக் கண்ணாடி வைத்தியம் கண்டுபிடித்தார். கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி வைத்து, நல்ல காலை மெதுவாக அசைக்க வேண்டும். 2007-ல் வாஷிங்டனின் வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சோதித்தபோது கண்ணாடி பார்த்தவர்களுக்கு வலி குறைந்தது.

எங்களிடம் பீரோக் கண்ணாடிதான் இருந்தது. கதவைக் கழற்றித் தரையில் பாய் விரித்து, அவர் கால்களுக்கு நடுவே நான் பிடித்துக்கொண்டேன். சீதனமாக வந்த பீரோ, மூலையில் ரசம் உதிர்ந்த கண்ணாடி. விரலை மடக்கினார், நீட்டினார். மடக்கினார், நீட்டினார். "விரல் பிரியுதுடி" என்றார். என் கை கடுத்தது, விடவில்லை. உடனே எல்லாம் போய்விடவில்லை. சில ராத்திரி பலித்தது, சில ராத்திரி இல்லை. வாரங்கள் போகப்போக அலறல் நின்றது. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், முயன்று பாருங்கள் என்பேன். இதைச் சொல்லிக் கொடுத்ததும் சுபேதாரேதான்.

12 ஜனவரி 2025, மாலை 5.45

ஒருவர் சற்றுக் கோபமாக: "சிப்பாய்க்கு மட்டும் கால் போகவில்லை. லாரியில் அடிபட்டவனுக்கும் சர்க்கரையில் கால் எடுத்தவனுக்கும் யார் வருகிறார்கள்?"

சரியான கேள்வி. புனேயில் உள்ள செயற்கை அவயவ மையம் 1944-ல் உலகப் போர்க் காயத்துக்காக வந்தது. இன்று அங்கே சிவிலியன்களுக்கும் செய்து தருகிறார்கள். ஜெய்ப்பூர் கால் எடுத்துக்கொள்ளுங்கள். 1968 வாக்கில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திராவும் சேர்ந்து செய்தது. ராம்சந்திரா அதிகம் படிக்காதவர். ரப்பர்க் கால், வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், சம்மணம் போடலாம், தண்ணீரில் இறங்கலாம். என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்குப் போக ஒன்றும், கடலைக் கொல்லைக்கு ஜெய்ப்பூர் காலும் வைத்திருக்கிறார். சுபேதாரும் சரி, இவரும் சரி, ஆஸ்பத்திரியில் யார் என்று பார்ப்பதில்லை. போன மாதம் ஒரு கட்டடத் தொழிலாளியைப் பார்க்கத்தான் இருவரும் போனார்கள்.

26 ஜனவரி 2025, இரவு 10.00

அணிவகுப்பு பார்த்தேன். 2018-ஐ ராணுவமே கடமையில் ஊனமுற்ற வீரர்களின் ஆண்டு என்று அறிவித்தது. நல்லதுதான். ஆண்டு முடிந்ததும் பேச்சும் முடிந்தது.

பேச்சு முடிந்தாலும், பொழுது விடிந்தால் அந்தச் சிப்பாயின் மனைவி எழுந்து லைனரைக் கழுவ வேண்டும். மைல்டு சோப்பு, நிழலில் காய வேண்டும், ஈரம் இருந்தால் தோல் புண்ணாகும். வெயில் காலத்தில் வியர்வை செயற்கைக் காலின் மேல் கூடான சாக்கெட்டுக்குள்ளே தேங்கும், நடுவழியில் கழற்றித் துடைக்க வேண்டும். இதையெல்லாம் அவள் தானாகவே கற்றுக்கொள்கிறாள். கணவர்களுக்குச் சங்கம் உண்டு, கேன்டீன் உண்டு, கதை பேச ஆட்கள் உண்டு. மனைவிகளை யாராவது ஒரு நாள் ஒன்றாக உட்காரவைத்தார்களா? எங்கள் மாவட்டத்தில் நாங்கள் சில பேர் இப்போது போனில் பேசிக்கொள்கிறோம். சுபேதார் வீட்டம்மாதான் மூத்தவர்.

2 பிப்ரவரி 2025, காலை 11.30

இழையைத் தொடங்கியவரே எழுதியிருக்கிறார். அவருடைய சித்தி மகனுக்குப் போன வாரம் வடக்கே அடிபட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். குடும்பம் கிளம்பிக்கொண்டிருக்கிறது, என்ன செய்வது என்கிறார்.

தம்பி, தைரியமாக இருங்கள். உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்க விடாதீர்கள். சுகமாக இருக்கும், வைக்கச் சொல்லிக் கெஞ்சுவான். மடங்கியே இருந்தால் மூட்டு இறுகி, பிறகு செயற்கைக் கால் மாட்டி நிமிர்ந்து நடப்பது கஷ்டம். டாக்டர் சரி என்றதும் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கட்டும். கட்டு எப்படிச் சுற்றுவது என்று நர்சிடம் உங்கள் சித்தியே கற்றுக்கொள்ளட்டும், எட்டுப் போல மாற்றி மாற்றி, நுனியில் இறுக்கமாக, மேலே போகப்போகத் தளர்வாக. முதல் வருஷம் வெட்டியது போக மிஞ்சிய தண்டு சுருங்கிக்கொண்டே போகும், அதனால் முதல் கால் பொருந்தாமல் போனால் பயப்பட வேண்டாம், மாற்றித் தருவார்கள்.

காயம் எப்படி, எங்கே பட்டது என்று யூனிட் அனுப்பிய அறிக்கையின் நகலை இப்போதே கேட்டு வாங்குங்கள். போர்க்காயமா இல்லையா என்ற வார்த்தை அதில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மருத்துவக் குழு முடிவு வந்ததும் அதன் நகல். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில், இரண்டு பிரதி.

எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று எனக்குத் தனிச் செய்தியில் போடுங்கள். வீட்டுக்காரர் சுபேதாரிடம் பேசிவிட்டார். செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சித்தியிடம் என் நம்பரைக் கொடுங்கள், ராத்திரி எந்நேரம் ஆனாலும் கூப்பிடச் சொல்லுங்கள்.